முதல் பந்தி, முதல் இலை

செட்டியார் வீட்டுக் கடிதத்தில் இருந்த அதே வரிகள், அதே நீல மையில், அதே சாய்ந்த கையெழுத்தில் ஆச்சியின் கடிதத்திலும் இருந்தன. பாண்டீஸ்வரி இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். எழுத்து அப்படியேதான் இருந்தது.

"நேற்றைய விருந்தில் முதல் பந்தியின் முதல் இலை உங்கள் பெயருக்குப் போடப்பட்டது. அந்த இலையில் ஒரு பருக்கையும் மிஞ்சவில்லை. பிள்ளைகள் உங்கள் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தினார்கள். அடுத்த ஆண்டும் உங்கள் இலை அதே இடத்தில் இருக்கும்."

கீழே மதர் செலஸ்தீன் கையெழுத்து. தேதி 26 ஜனவரி 1986.

எதிர் நாற்காலியில் நீலாயதாட்சி ஆச்சி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயதிலும் முதுகு நாற்காலியில் சாயாது.

"அழைப்பிதழ்ல முத இலைக்கு வேற பேரு போட்டிருக்கீக. அதான் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பாண்டீஸ்வரிக்கு இன்னும் சௌகரியமாக இருந்திருக்கும்.

காரைக்குடியிலிருந்து கோட்டையூர் போகிற வழியில் இருக்கிறது புனித மார்த்தா இல்லம். அப்பா அம்மா இல்லாத, அல்லது இருந்தும் பார்த்துக்கொள்ள முடியாத ஐம்பத்திரண்டு பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். ஜனவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை இல்லத்தில் அன்பு விருந்து. ஊர்ப் பெரியவர்கள் குடும்பத்தோடு வருவார்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பிள்ளைகளின் படிப்புக்குத் தங்களால் ஆனதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மதர் செலஸ்தீன் தொடங்கி வைத்தது. மதர் இறந்து இருபது வருடமாகிவிட்டது. விருந்து நிற்கவில்லை. கொரோனா வருடத்தில்கூடப் பொட்டலமாகக் கட்டி வீடு வீடாக அனுப்பினார்கள்.

இந்த வருடம் நாற்பதாவது விருந்து. இதோடு நிறுத்திவிடலாமா என்று மதுரைத் தலைமை மடத்திலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். இப்போதெல்லாம் நன்கொடை செல்போனிலேயே வந்துவிடுகிறது, எதற்கு இவ்வளவு அலைச்சல் என்பது அவர்கள் கட்சி.

"செல்போன்ல காசு வரும். ஆள் வராதே," என்றார் சிஸ்டர் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இல்லத்தின் பொறுப்பை ஏற்று ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. "வருசத்துல ஒருநாள்தான் ஊரு இந்த வாசலுக்குள்ள வருது. பிள்ளைங்க அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்குறாங்க. நாற்பதாவது விருந்தைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னு எழுதிட்டேன். அதனால பாண்டீஸ்வரி, இந்த வருசம் சின்னக் குறைகூட இருக்கக் கூடாது."

சொல்லிவிட்டு அவர் கொடுத்த வேலைகள் இரண்டு. விழா மலருக்கு அன்பு விருந்தின் வரலாறு நான்கு பக்கம். முதல் விருந்தில் முதல் இலையில் சாப்பிட்ட குடும்பத்தைக் கண்டுபிடித்து, அதே இலையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்துவது.

பாண்டீஸ்வரி அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறாள். ரேஷன் கார்டிலிருந்து வேப்பமரத்துத் தேன்கூடு வரைக்கும் எல்லாம் அவள் பொறுப்பு. நான்கு பக்க வரலாறு என்ன பெரிய காரியம் என்று நினைத்தாள். பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தால் 2000-க்கு முந்தைய காகிதம் மொத்தத்தையும் கரையான் படித்து முடித்திருந்தது.

அதனாலென்ன, கானாடுகாத்தான் சத்தியமூர்த்தி செட்டியார் இருக்கிறாரே. பூர்வீக வீட்டை விடுதியாக நடத்துகிறவர். வருடா வருடம் விருந்துக்கு வந்து, "முத வருசம் முத இலை எங்க அப்பச்சிக்குத்தான்," என்று தன் அப்பாவைப் பற்றிக் கைகழுவும் இடத்தில்கூடச் சொல்கிறவர். போன் செய்ததும் கடிதத்தோடு காரில் வந்து இறங்கினார்.

"அன்னைக்குச் சரியான மழை," என்றார். "அப்பச்சி ஒரு கையில குடையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையில பணியாரத்தைப் புட்டுச் சாப்பிட்டாகளாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக."

"தை மாசத்துலயா ஐயா மழை?"

"அப்பச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பாண்டீஸ்வரி மழையை எழுதிக்கொண்டாள். அழைப்பிதழில் அவர் அப்பச்சி பெயரைப் போட்டு எண்ணூறு பிரதி அச்சடித்து அனுப்பினாள். அனுப்பிய மூன்றாம் நாள்தான் ஆச்சி வந்து உட்கார்ந்தது.

பாண்டீஸ்வரி இரண்டு கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்து, கடைசியில் ஒரு வழி கண்டாள்.

"ஆச்சி, அந்தக் காலத்துல ஆம்பளைகளுக்குத் தனிப் பந்தி, பொம்பளைகளுக்குத் தனிப் பந்திதான?"

"இருந்திருக்கும்."

"அப்பச் சரியாப் போச்சு. ஆம்பளைக பந்தியில முத இலை செட்டியார் அப்பச்சிக்கு. பொம்பளைக பந்தியில முத இலை ஒங்களுக்கு. மதர் ரெண்டு பேருக்கும் எழுதியிருக்காக."

ஆச்சி அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "அப்படித்தான் இருக்கணும்னா அப்படியே இருக்கட்டும்," என்றார்.

"அன்னைக்கு என்ன சமைச்சிருந்தாக ஆச்சி? மலருக்கு எழுதணும்."

ஆச்சி கைப்பையின் பூட்டைத் திறந்தார். உள்ளே எதையும் எடுக்காமல் மூடினார். "அது எதுக்குத்தா இப்ப. வீட்டுல எனக்கு வேலை கெடக்கு," என்று எழுந்துவிட்டார்.

மறுபடியும் எண்ணூறு அழைப்பிதழ் அடிக்க வழியில்லை. 'மகளிர் பந்தியின் முதல் இலை: திருமதி நீலாயதாட்சி ஆச்சி' என்று சின்னச் சீட்டாக அச்சடித்து, மிச்சமிருந்த அழைப்பிதழ்களில் ஒட்டினாள். போய்ச் சேர்ந்தவற்றுக்குச் சீட்டைத் தனியாகத் தபாலில் அனுப்பினாள். அழைப்பிதழை ஊர் படிக்கிறதோ இல்லையோ, ஒட்டை விடாமல் படிக்கும். அதுவரை முதல் இலையைப் பற்றி நினைத்தே பார்க்காதவர்கள்கூட நினைக்கத் தொடங்கினார்கள்.

திங்கட்கிழமை காலையில் மலையாண்டி வந்தார். நாட்டரசன்கோட்டைப் பக்கம் விவசாயம். வருடா வருடம் விருந்துக்கு இரண்டு மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்குகிறவர். அரிசியை இறக்கிவிட்டு, பட்டா, பத்திரத்தோடு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தங்கச்சி, எங்கய்யாவுக்கும் ஒரு ஒட்டு ஒட்டணும்."

பாண்டீஸ்வரி அதைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. நீல மையே போதுமானதாக இருந்தது.

"அண்ணே, அன்னைக்கு அஞ்சு மணிக்கு ஒரு பந்தி, ஆறு மணிக்கு ஒரு பந்தின்னு நடந்திருக்கும். ஒங்க ஐயா ரெண்டாவது பந்தியில..."

மலையாண்டி விரலை நீட்டி 'முதல் பந்தியின்' என்ற இடத்தில் வைத்தார். மண்வெட்டி பிடித்துத் தடித்த விரல். அது வைத்த இடத்தை யாரும் மறைக்க முடியாது.

"சரிண்ணே. கூடத்துக்கு ரெண்டு வாசல் இருக்குல்ல? கெழக்கு வாசல் வழியா வந்தா அந்தக் கோடி இலை முத இலை. மேக்கு வாசல் வழியா வந்தா இந்தக் கோடி இலை முத இலை. ஒங்க ஐயா எந்த வாசல் வழியா வந்தாக?"

"நாட்டரசங்கோட்டையிலருந்து வந்தா மேக்கு வாசல்தேன் வசதி."

"அப்ப மேக்கு வாசல் முத இலை ஒங்க ஐயாவோடது."

மலையாண்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அன்னைக்குச் சுள்ளுன்னு வெயிலாம். எங்கய்யா துண்டால வேர்வையத் தொடச்சுக்கிட்டே ரெண்டு தரம் கறி வாங்கித் தின்னாராம். சாகுற வரைக்கும் அந்தக் கறியப் பத்தித்தேன் பேச்சு."

பாண்டீஸ்வரி வரலாற்றில் மழைக்குப் பக்கத்தில் வெயிலையும் எழுதிக்கொண்டாள்.

இனிமேல் ஒவ்வொருவராக வந்து உயிரை வாங்குவதைவிட, மொத்தம் எத்தனை பேர் என்று ஒரே தடவையில் தெரிந்துகொண்டால் நல்லது என்று அவளுக்குப் பட்டது. அன்று சாயங்காலமே இல்லத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டாள். '1986 முதல் விருந்துக்கான மதரின் கடிதம் வைத்திருப்பவர்கள் தெரிவிக்கவும். விழாவில் கௌரவிக்கப்படுவார்கள்.' மிஞ்சிப்போனால் இன்னும் இரண்டு பேர் வருவார்கள் என்பது அவள் கணக்கு.

புதன்கிழமைக்குள் முப்பத்தொரு கடிதம் வந்துவிட்டது.

லேமினேட் செய்தது, கண்ணாடிச் சட்டம் போட்டது, முருகன் படத்துக்குப் பின்னால் செருகியிருந்ததால் மூலையில் விபூதி அப்பியது, நான்காக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தாத்தாவுக்கு வந்த கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பி, விருந்துக்கு டிக்கெட் போட்டுவிட்டதாகவும் சொல்லியிருந்தார். முப்பத்தொன்றிலும் முதல் பந்தி. முப்பத்தொன்றிலும் முதல் இலை.

மெய்யநாதன் மட்டும் நேரில் வந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் போட்ட கடிதத்தைக் குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கியிருந்தார்.

"யாரோ அன்னைக்குக் கறிச் சோறுன்னு சொல்றாகளாமே. கேக்கவே கூசுது. எங்க அப்பச்சி முட்டை விக்கிற தெருவுலகூட நடக்க மாட்டாக. அன்னைக்குச் சுத்த சைவம். பருப்பு, மண்டி, உக்காரை. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டாள். வியாழக்கிழமை சிஸ்டர் ஜெசிந்தா வரலாற்றை வாங்கிப் படித்தார். முதல் பக்கம் தாண்டுவதற்குள் மூன்று தடவை நிறுத்தினார்.

"பாண்டீஸ்வரி, கூடத்துக்குள்ள மழை பெஞ்சதா எழுதியிருக்கு."

"ஆமா சிஸ்டர்."

"அதே நேரத்துல வெயிலும் அடிச்சிருக்கு."

"ரெண்டு வாசல் இருக்குல்ல சிஸ்டர்."

"விருந்து சுத்த சைவம். ஆட்டுக்கறி மிகவும் சுவையாக இருந்தது." சிஸ்டர் காகிதத்தை மேசையில் வைத்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். "ஒரே இலையில முப்பத்தொரு பேர் எப்படிம்மா சாப்பிட்டிருக்க முடியும்?"

"மதர் எழுதியிருக்காகளே சிஸ்டர்."

"மதர் பொய் எழுத மாட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

"அதுதான் சிஸ்டர் பிரச்சினையே."

வெளியே பிள்ளைகள் வரவேற்புப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தார்கள். 'வருக வருக' என்ற இடத்தில் மட்டும் எல்லோருக்கும் குரல் ஒரு படி கூடியது. ஒருவர் மனம் கோணினாலும் அது மதுரை வரைக்கும் போகும். போனால் அடுத்த வருடம் 'வருக வருக' கிடையாது.

"வட்டமா இலை போட்டா?" என்றாள் பாண்டீஸ்வரி திடீரென்று. "வட்டத்துல ஏது சிஸ்டர் முதலு, கடைசி?"

சிஸ்டருக்கு அது பிடித்துவிட்டது. சமையல் மேஸ்திரி தங்கச்சாமிக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருடமாகக் கல்யாணங்களுக்குச் சமைத்துப் பரிமாறுகிற மனுஷன்.

"வட்டமாப் போட்டா எங்குட்டுத் தொடங்கி எங்குட்டு முடிக்கிறது?" என்றார்.

"எங்குட்டு வேணும்னாலும் தொடங்குங்கண்ணே."

"நான் எந்த இலையில மொத உப்பு வைக்கிறனோ அதுதான முத இலை? முப்பத்தொரு பேரும் என் கையத்தேன் பாத்துக்கிட்டு இருப்பாக. அந்த வம்பு எனக்கு வேணாம். நேர் பந்தின்னாச் சொல்லுங்க, வாரேன். இல்லாட்டி நீங்களே பரிமாறிக்கங்க."

வட்டம் அதோடு போயிற்று.

சனிக்கிழமை வந்தது. மதியத்திலிருந்து மைக்செட் சோணை வயரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த இல்லத்திலேயே வளர்ந்து, பிறகு சொந்தமாக மைக்செட் வைத்து ஆளானவர். விருந்துக்கு மட்டும் வாடகை வாங்க மாட்டார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்று முழுக்க அவர் வாயிலிருந்து வந்தது, "ஹலோ, ஒன், டூ, த்ரீ," மட்டும்தான்.

ஐந்தரை மணிக்குக் கூடத்தில் நீளமாக இரண்டு வரிசை இலை போட்டாகிவிட்டது. அடுப்படியிலிருந்து ஆட்டு உப்புக்கறி வாசமும் வெள்ளைப் பணியார வாசமும் வந்து இலைகளின்மேல் உட்கார்ந்துகொண்டன. சத்தியமூர்த்தி செட்டியார் நான்கு மணிக்கே வந்துவிட்டார். மலையாண்டி மேற்கு வாசல் வழியாக, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு வந்தார். மெய்யநாதன் சட்டத்தோடு வந்தார். சிங்கப்பூர்க்காரர் பெட்டியோடு நேராக வந்தார். ஆச்சி கடைசியாக வந்து, சுவரோரமாக நின்றுகொண்டார்.

சண்டை வரும் என்று பாண்டீஸ்வரி பயந்திருந்தாள். சண்டை வரவில்லை. அதைவிட மோசமானது வந்தது. மரியாதை வந்தது.

"நீங்க உக்காருங்க," என்றார் சத்தியமூர்த்தி செட்டியார், மலையாண்டியைப் பார்த்து.

"அதெப்படிங்க. அழைப்பிதழ்ல ஒங்க அப்பச்சி பேருல்ல போட்டிருக்கு. நீங்க உக்காருங்க."

"இல்ல, இல்ல. மெய்யநாதன் அண்ணன் சட்டமே போட்டுக் கொண்டாந்திருக்காக. அவுக உக்காரட்டும்."

"நான் எதுக்கு உக்காரணும்? சிங்கப்பூருலருந்து வந்தவுக நிக்கிறாக."

ஒவ்வொருவர் பேச்சிலும் தேன் ஒழுகியது. ஒருவர்கூட முதல் இலையை விட்டு இரண்டடி நகரவில்லை. இரண்டாவது இலையில் உட்கார்ந்தால் தன் அப்பச்சி இரண்டாவது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். பெரியவர்கள் நிற்கும்போது மற்றவர்கள் எப்படி உட்காருவது என்று வந்திருந்த இருநூறு பேரும் நின்றார்கள். ஆறு மணி ஆயிற்று. ஆறேகால் ஆயிற்று. பிள்ளைகள் வரவேற்புப் பாட்டை இரண்டு முறை பாடி முடித்துவிட்டார்கள்.

தங்கச்சாமி சோற்று வாளியோடு வந்து பாண்டீஸ்வரியின் காதருகே குனிந்தார். "சோறு ஆறுது."

"தெரியுதுண்ணே."

"பணியாரம் வெரச்சுப் போகும்."

"தெரியுதுண்ணே."

சிஸ்டர் ஜெசிந்தா ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். பாண்டீஸ்வரி சுவரோரமாகப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு பிள்ளைகளும் பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தலை வாரி, வரிசையாக நின்றார்கள். விருந்தினர் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கடைசிப் பந்திதான் பிள்ளைகளுக்கு. அவள் வந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். அவர்கள் யாரும் பெரியவர்களைப் பார்க்கவில்லை. யார் முதல், யார் இரண்டாவது என்பதில் அவர்களுக்கு ஒரு அக்கறையும் இல்லை. ஐம்பத்திரண்டு ஜோடிக் கண்ணும் தங்கச்சாமி கையிலிருந்த வாளியில் இருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. ஒட்டு, வாசல், வட்டம் என்று இரண்டு வாரமாக அலைந்த அலைச்சல் மொத்தமும் கால்வழியே இறங்கிப் போன மாதிரி இருந்தது. நேராகப் போய்ச் சோணை கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்," என்றாள். "முத இலை யாருதுன்னு என்னால கண்டுபிடிக்க முடியல. ஆம்பளைப் பந்தி, பொம்பளைப் பந்தின்னு சொன்னது நான். கெழக்கு வாசல், மேக்கு வாசல்னு சொன்னதும் நான். மதர் ஒண்ணும் தப்பா எழுதியிருக்க மாட்டாக. எனக்குத்தான் வெளங்கல."

அவள் சுவரோரம் நின்ற பிள்ளைகளைக் கை காட்டினாள்.

"பிள்ளைக மத்தியானம் சாப்பிட்டது. இன்னைக்கு ஒருநாள், பிள்ளைக முதல்ல உக்காரட்டும். கடிதம் வச்சிருக்கிறவுக தயவுசெஞ்சு அவுகளுக்குப் பரிமாறுங்க. அதுக்குப் பெறகு நீங்க எந்த இலையில உக்காரச் சொல்றீகளோ அந்த இலையில நானே ஒங்கள உக்கார வைக்கிறேன்."

யாரும் அசையவில்லை. பாண்டீஸ்வரிக்கு மைக்கைத் திருப்பிக் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை. வேலை போய்விட்டது என்று நினைத்தாள். விருந்தும் போய்விட்டது என்று நினைத்தாள்.

அப்போது சுவரோரமாக நின்ற நீலாயதாட்சி ஆச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்து வந்தார். தங்கச்சாமியின் ஆளிடமிருந்து உப்புத் தட்டை வாங்கினார். சிறிசுகளில் ஒன்றைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கோடி இலையில் உட்காரவைத்து, இலையின் இடது ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பை வைத்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"என்னத்தா பாத்துக்கிட்டு நிக்கிறீக. சோறு ஆறுதுல்ல," என்றார் பொதுவாக.

அவ்வளவுதான். மலையாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சோற்று வாளியைத் தூக்கினார். சத்தியமூர்த்தி செட்டியார் பணியாரத் தட்டை எடுத்துக்கொண்டு, ஒரு பிள்ளைக்கு இரண்டு என்று தொடங்கி, மூன்றாவது பிள்ளையிடம் போவதற்குள் ஒரு பிள்ளைக்கு நான்கு என்று மாற்றிக்கொண்டார். யார் செய்த வேலையோ, மெய்யநாதன் கையில் உப்புக்கறி வாளி வந்து சேர்ந்தது. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இலையிலும் அள்ளி அள்ளி வைத்தார்.

"தாத்தா, இன்னும் கொஞ்சம்," என்றது ஒரு பிள்ளை.

"இது போதுமா பாரு," என்றார், கண்ணை மூடிக்கொண்டே. அடுத்த சுற்றில் கண்ணைத் திறந்திருந்தார். சட்டம் போட்ட கடிதம் எங்கோ ஜன்னலில் சாய்ந்து கிடந்தது. சிங்கப்பூர்க்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனார், பிள்ளைகளிடம் பெயர் கேட்டபடி, கேட்ட பெயரை மறந்து மறுபடியும் கேட்டபடி.

பிள்ளைகள் எழுந்ததும் பெரியவர்களுக்கு இலை போட்டார்கள். கிடைத்த இடத்தில், கால் போன இடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதல் இலையில் யார் உட்கார்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அது தங்கச்சாமியின் எடுபிடி ஆள் ஒருவர், கால் வலிக்கிறதென்று உட்கார்ந்தவர், என்பது பிறகு போட்டோவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஏழரை மணிக்கு விருந்து முடிந்தது. புறப்படும்போது மலையாண்டி, "அடுத்த வருசம் பரிமாற எங்க அண்ணன் மக்களையும் கூட்டியாறேன்," என்றார். மெய்யநாதன் சட்டத்தைக்கூட மறந்து விட்டுவிட்டுப் போனார். ஆச்சி பாண்டீஸ்வரியின் கன்னத்தைத் தொட்டு, அந்தக் கையைத் தன் நெற்றியில் வைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

"மதுரைக்கு நான் எழுதிக்கிறேன்," என்றார் சிஸ்டர் ஜெசிந்தா. "இதை நிறுத்தச் சொன்னா, ஊரே அங்க போய் நிக்கும்னு எழுதுறேன்." அவர் முகத்தில் ஏழு மாதமாக இல்லாத ஒரு சிரிப்பு இருந்தது.

கூடம் காலியாயிற்று. பாண்டீஸ்வரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சந்தோஷம்தான். ஆனாலும் நெஞ்சில் ஒரு ஓரத்தில் முள்ளாக ஒன்று இருந்துகொண்டே இருந்தது. எதிரே சோணை வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். பேசுவதற்கு வேறு ஆள் இல்லாததால் அவரிடமே சொன்னாள்.

"மனசு ஒரு மாதிரியா இருக்குண்ணே. மதர் ஆரம்பிச்சு வச்ச வழக்கம். நாப்பது வருசமா ஊருக்காரவுக முதல்ல, பிள்ளைக கடைசியிலன்னு இருந்ததை நான் ஒருத்தி மாத்திட்டேன். மதர் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாகளோ."

சோணை வயரைச் சுற்றி முடித்தார். முடிச்சுப் போட்டார். பெட்டிக்குள் வைத்தார். பிறகு அவளைப் பார்த்து, அந்த நாளின் முதல் பேச்சைப் பேசினார்.

"நீங்க எங்கத்தா மாத்துனீக? முத வருசம் விருந்துக்கு ஒருத்தருமே வரல, போட்ட இலை அம்புட்டுலயும் நாங்க பிள்ளைகதேன் உக்காந்து சாப்புட்டோம், வராதவுகளுக்குத்தேன் மதர் மறுநா அந்தக் கடுதாசிய எழுதுனாக."